“மாடி வீடுதான் இருக்கு... உங்களுக்கு தோதுப்படாது!” - வாடகை வீட்டில் மாற்றுத்திறனாளிக்கு சட்டம் தரும் உரிமை என்ன?

நெல்லை:

பாளையங்கோட்டை, மேலப்பாளையம், டவுன், பேட்டை என்று நெல்லையில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஏதாவது ஒரு கேட்டில் “வீடு வாடகைக்கு” போர்டு தொங்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த கேட்டில் ஊன்றுகோலோடு ஒருவர் போய் நின்றால் பதில் மாறி விடுகிறது.

“நேத்துதான் ஆள் வந்து அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாங்க.”

“மாடி வீடுதான் இருக்கு அண்ணாச்சி, உங்களுக்கு தோதுப்படாது.”

“கண்ணு தெரியாதவங்க கேஸ் அடுப்பு பத்த வெச்சா எங்களுக்கு பயமா இருக்கும்லா...”

வாடகைக்கு வீடு தேடி அலைந்த மாற்றுத்திறனாளிகளுக்கு இந்த வசனங்கள் மனப்பாடம். அலைந்து திரிந்து ஒரு வீடு கிடைத்தாலும் பிரச்சினை தீருவதில்லை. வாசலில் மூன்று படி. கக்கூஸ் கதவு குறுகல். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரை உள்ளே விட இடம் இல்லை. “இதை கொஞ்சம் மாத்தித் தாங்க” என்று கேட்டால், “பிடிக்கலைன்னா வேற வீடு பாத்துக்கோங்க” என்று ஒரே வரியில் முடித்து விடுகிறார்கள்.

2011-ம் ஆண்டு மக்கள்தொகை கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் மாற்றுத்திறனாளிகள் எண்ணிக்கை சுமார் 11 லட்சத்து 80 ஆயிரம். இவர்களில் சொந்த வீடு இல்லாத கூலித்தொழிலாளி, பீடி சுற்றும் பெண், பெட்டிக்கடைக்காரர், லாட்டரி போல வீடு தேடி அலைபவர்கள் ஏராளம்.

இவர்களுக்கு சட்டத்தில் என்ன பாதுகாப்பு இருக்கிறது? வீட்டு ஓனரிடம் எதைக் கேட்கலாம்? எதைக் கேட்க முடியாது? கேட்டும் கிடைக்காவிட்டால் எங்கே போவது? விவரம் வருமாறு:-

2 சட்டங்கள்

வாடகைக்கு இருக்கும் மாற்றுத்திறனாளி தெரிந்து வைத்துக் கொள்ள வேண்டிய சட்டங்கள் முக்கியமாக இரண்டு.

ஒன்று, மத்திய அரசு கொண்டு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. இது 2017-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந்தேதி அமலுக்கு வந்தது. கை-கால் குறைபாடு, பார்வைக் குறைபாடு, காது கேளாமை, அறிவுசார் குறைபாடு, மனநோய், தொழுநோயில் இருந்து குணமானவர்கள் என்று மொத்தம் 21 வகை குறைபாடுகள் இந்த சட்டத்தில் வருகின்றன.

இரண்டு, தமிழக அரசின் வீட்டு உரிமையாளர் - வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறை சட்டம், 2017. இது 2019-ம் ஆண்டு பிப்ரவரி 22-ந்தேதி அமலுக்கு வந்தது. 1960-ம் ஆண்டு முதல் இருந்து வந்த பழைய வாடகை கட்டுப்பாட்டு சட்டம் அதோடு முடிந்து போனது.

முதல் சட்டம், “மாற்றுத்திறனாளி என்பதற்காக ஒருவரை ஒதுக்கக்கூடாது” என்கிறது. இரண்டாவது சட்டம், “வாடகை விவகாரம் எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்” என்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்தால்தான் மாற்றுத்திறனாளிக்கு பலம். ஒன்றை மட்டும் பிடித்தால் பாதி பலம்தான்.

வீடு தர மறுக்கலாமா?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 3-வது பிரிவு, குறைபாட்டைக் காரணம் காட்டி யாரையும் பாகுபாடு செய்யக்கூடாது என்று சொல்கிறது. 5-வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. மற்றவர்களைப் போல ஊருக்குள் வாழும் உரிமை மாற்றுத்திறனாளிக்கு உண்டு. “நீ இந்த மாதிரி இடத்தில்தான் இருக்க வேண்டும்” என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது அது. “ஹோமில் கொண்டு போய் விடுங்க” என்று அறிவுரை சொல்லும் அக்கம்பக்கத்தாருக்கும் சேர்த்து எழுதப்பட்ட பிரிவு இது.

ஆனால் ஒரு உண்மையை மறைக்கக்கூடாது. அரசு அலுவலகம், கம்பெனி, சங்கம், டிரஸ்ட், விடுதி நடத்தும் நிறுவனம் போன்றவற்றுக்கு இந்த சட்டம் நேரடியாக பல கடமைகளை விதிக்கிறது. ஒற்றை வீட்டை வாடகைக்கு விடும் தனி ஓனர் ஒரு மாற்றுத்திறனாளிக்கு வீடு தர மறுத்தால் என்ன செய்வது என்பதற்கு தனியாக ஒரு பிரிவு இல்லை. சட்டத்தை மீறும் எவருக்கும் முதல் தடவை 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் விதிக்க பொதுவான பிரிவு (89) இருக்கிறது. ஆனால் “ஆள் வந்துட்டாங்க” என்று வாயால் சொன்னதை எப்படி நிரூபிப்பது?

அதனால்தான் விவரம் தெரிந்த வக்கீல்கள் சொல்வது: வீட்டைக் கேட்கும்போதே வாட்ஸ்அப்பிலோ, எஸ்.எம்.எஸ்.சிலோ கேளுங்கள். “மாற்றுத்திறனாளிக்கு தர மாட்டோம்” என்ற பதில் எழுத்தில் வந்தால் அது சாட்சி. வாயால் சொன்னது காற்றோடு போச்சு.

படியை இடிக்கச் சொல்ல முடியுமா?

பலரும் கேட்கும் கேள்வி இதுதான். வாசல் படியை இடித்து சாய்தளம் கட்டித் தரும்படி தனி வீட்டு ஓனரை கட்டாயப்படுத்த முடியுமா?

“கட்டித் தந்தே ஆக வேண்டும்” என்று வாடகை சட்டத்தில் எந்த வரியும் இல்லை.

அதேபோல, வாடகைக்கு இருப்பவர் தன்னிஷ்டத்துக்கு சிமெண்ட் போட்டு சாய்தளம் கட்டவும் முடியாது. ஓனரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் கட்டிடத்தில் மாற்றம் செய்தாலோ, நிரந்தரமாக ஏதாவது கட்டினாலோ, வீட்டை காலி செய்ய வைக்க அதுவே ஒரு காரணம் ஆகி விடும். நல்லது செய்யப் போய் வீடு போய் விடக்கூடாது.

அமெரிக்காவில் 1988-ம் ஆண்டிலேயே இதற்கு வழி செய்து விட்டார்கள். அங்குள்ள நியாயமான வீட்டுவசதி சட்டத்தில் அந்த ஆண்டு கொண்டு வந்த திருத்தப்படி, வாடகைக்கு இருக்கும் மாற்றுத்திறனாளி தன் செலவில் தேவையான மாற்றம் செய்து கொள்ள கேட்டால், ஓனர் காரணம் இல்லாமல் தடுக்கக்கூடாது. தடுத்தால் அது பாகுபாடு. நம் ஊரில் அப்படி ஒரு நேரடியான வரி வாடகை சட்டத்தில் எழுதப்படவில்லை.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. அது ஒப்பந்தம்.

ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்

2019-க்குப் பிறகு, நெல்லை மாநகராட்சி ஆனாலும் சரி, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் நகராட்சி ஆனாலும் சரி, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், முக்கூடல் போன்ற பேரூராட்சி ஆனாலும் சரி, வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருப்பது கட்டாயம். அதை 90 நாட்களுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். துணை கலெக்டர் அந்தஸ்துக்கு குறையாதவர்தான் இந்த வாடகை அதிகாரி. பதிவுக்கு தமிழக அரசு தனி இணையதளமே வைத்துள்ளது.

“11 மாசத்துக்கு பத்திரத்துல எழுதியாச்சு, போதும்லா” என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. 11 மாத ஒப்பந்தத்துக்கு சார்பதிவாளர் ஆபீசுக்கு போகத் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்தே ஆக வேண்டும். பதிவு செய்யாத ஒப்பந்தத்தை தகராறு வரும்போது நீட்டினால் எடுபடாது.

சாதாரண வாடகைதாரருக்கு இந்த ஒப்பந்தம் ஒரு பேப்பர். மாற்றுத்திறனாளிக்கு அதுதான் ஆயுதம். ஓனர் சம்மதித்து கையெழுத்துப் போட்டு விட்டால், பிறகு “நான் எப்போ சொன்னேன்?” என்று கேட்க முடியாது. அட்வான்ஸ் கையில் கொடுப்பதற்கு முன்பே கீழ்க்கண்டவற்றை ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும்:-

1. சாய்தளம்: “வாசல் படியின் மேல், கழற்றி எடுக்கக்கூடிய மர அல்லது இரும்பு சாய்தளத்தை குடியிருப்பவர் தன் செலவில் வைத்துக் கொள்ள உரிமையாளர் சம்மதிக்கிறார். காலி செய்யும்போது அதை குடியிருப்பவரே எடுத்துக் கொள்வார்.” இப்படி இரண்டு வரி எழுதினால் போதும். கழற்றி எடுப்பது என்பதால் “என் வீட்டை சேதப்படுத்திட்டாங்க” என்ற பேச்சுக்கு இடம் இல்லை.

2. கைப்பிடி: குளியலறை, கக்கூஸ் சுவரில் கம்பி மாட்ட சம்மதம். சுவரில் துளை போடுவதால், காலி செய்யும்போது யார் பூசித் தருவது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். பெரும்பாலும் வாடகைதாரர் பூசித் தருவதாக ஒப்புக்கொண்டால் ஓனர்கள் இறங்கி வருகிறார்கள்.

3. ஸ்கூட்டர் இடம்: பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் சாதாரண பைக்கை விட அகலம். “கேட்டுக்கு உள்ளே, வாசலுக்கு பக்கத்தில்” என்று இடத்தைக் குறிப்பிட்டு எழுத வேண்டும். “வண்டி நிறுத்த இடம் உண்டு” என்று மட்டும் எழுதினால், பின்னால் சந்துக்கு வெளியே கையைக் காட்டுவார்கள்.

4. அழைப்பு விளக்கு: காது கேளாதவர் வீட்டில் காலிங் பெல்லோடு லைட் எரியும் வசதி வைத்துக் கொள்ள சம்மதம்.

5. துணைக்கு வருபவர்: உதவிக்கு வரும் உறவினரோ, வேலையாளோ இரவு தங்குவதை “வேற ஆளுக்கு உள்வாடகைக்கு விட்டாச்சு” என்று ஓனர் சொல்லாதபடி ஒரு வரி.

6. காலம்: மாற்றுத்திறனாளிக்கு வீடு மாறுவது லேசான காரியம் இல்லை. முடிந்தால் 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் போடுவது நல்லது. ஓராண்டுக்கு மேல் என்றால் சார்பதிவாளர் ஆபீசிலும் பதிவு செய்ய வேண்டும். செலவு கொஞ்சம் கூடும். ஆனால் 11 மாதம் முடிந்ததும் “புதுப்பிக்க மாட்டேன்” என்று ஓனர் சொன்னால், கட்டாயப்படுத்துவது கஷ்டம் என்பதையும் மனதில் வைத்துக் கொள்ள வேண்டும்.

ஒரு அங்குலத்துக்கு ஒரு அடி

சாய்தளம் வைத்தால் மட்டும் போதாது. செங்குத்தாக வைத்தால் சக்கர நாற்காலி பின்பக்கமாக கவிழ்ந்து விடும்.

மத்திய அரசு 2021-ல் வெளியிட்ட கட்டிட வழிகாட்டு விதிகளில் 1-க்கு 12 என்று கணக்கு சொல்லப்பட்டிருக்கிறது. எளிதாகச் சொன்னால், படி ஒரு அங்குலம் உயரம் என்றால் சாய்தளம் ஒரு அடி நீளம் இருக்க வேண்டும். ஆறு அங்குலப் படி ஒன்றுக்கு ஆறு அடி. மூன்று படி சேர்ந்து ஒன்றரை அடி உயரம் என்றால் 18 அடி நீளம் வேண்டும். நம் ஊர் சந்துகளில் 18 அடிக்கு எங்கே போவது?

எனவே வீடு பார்க்கப் போகும்போதே ஒரு டேப்பை கையில் எடுத்துச் செல்வது புத்திசாலித்தனம். வாசல் படி எத்தனை அங்குலம்? கதவு எவ்வளவு அகலம்? சக்கர நாற்காலி தாராளமாக நுழைய 3 அடி அகலம் வேண்டும். உள்ளே திரும்ப 5 அடிக்கு 5 அடி இடம் வேண்டும். படுக்கை அறை பெரிதா, சிறிதா என்று பார்ப்பதை விட கக்கூஸ் கதவை அளந்து பார்ப்பதுதான் முக்கியம்.

அட்வான்ஸ் எவ்வளவு?

“உங்களுக்காக சிரமப்படுறோம், அதனால அட்வான்ஸ் கொஞ்சம் கூட வேணும்” என்று கேட்பவர்களும் உண்டு.

ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்பது சட்டம். 5 ஆயிரம் ரூபாய் வாடகை என்றால் அட்வான்ஸ் 15 ஆயிரம் ரூபாய். அதனால் கையெழுத்துப் போடும் முன் அட்வான்ஸ் தொகை எழுதிய வரியை இரண்டு தடவை படிக்க வேண்டும். காலி செய்த பிறகு, பாக்கி ஏதும் இருந்தால் கழித்துக் கொண்டு மீதியை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும்.

பார்வை இல்லாதவர்கள் இங்கே கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பாளையங்கோட்டையில் 19-ம் நூற்றாண்டின் கடைசியிலேயே பார்வையற்றோர் பள்ளியும், காது கேளாதோர் பள்ளியும் தொடங்கப்பட்டன. அங்கே படித்து, அந்த ஊரிலேயே வேலை பார்த்து, வாடகைக்கு குடியிருப்பவர்கள் பலர். ஒப்பந்தத்தை ஓனரின் ஆளோ, புரோக்கரோ படித்துக் காட்டியதை நம்பி கையெழுத்துப் போடக்கூடாது. சொத்து, பண விவகாரத்தில் மாற்றுத்திறனாளிக்கு உதவி செய்பவருக்கு அந்த விவகாரத்திலேயே சுயலாபம் இருந்தால், அவர் விலகிக் கொள்ள வேண்டும் என்று சட்டத்தின் 13-வது பிரிவு சொல்கிறது. சொந்தமாக ஒருவரை அழைத்துச் சென்று படிக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

இடையில் கால் போனால்...

வாடகைக்கு வரும்போது நன்றாக இருந்தவர், இடையில் விபத்திலோ, சர்க்கரை நோயிலோ காலை இழக்கிறார். பக்கவாதம் வந்து படுக்கையில் விழுகிறார். “வீட்டுல படுத்துக் கெடந்தா எங்களுக்கு சரிப்படாது, காலி பண்ணுங்க” என்று ஓனர் சொல்கிறார். செல்லுமா?

செல்லாது.

எந்தெந்த காரணத்துக்காக வீட்டை காலி செய்ய வைக்கலாம் என்று வாடகை சட்டத்தின் 21-வது பிரிவில் பட்டியல் இருக்கிறது. இரண்டு மாத வாடகை பாக்கி, வீட்டை தவறாக பயன்படுத்துவது, அனுமதி இல்லாமல் இடித்துக் கட்டுவது, வீட்டை இடித்துக் கட்ட வேண்டிய நிலை, ஓனருக்கே வீடு தேவைப்படுவது போன்றவை அதில் உள்ளன. குடியிருப்பவர் மாற்றுத்திறனாளி ஆகி விட்டார் என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

அதோடு, காரணம் எதுவாக இருந்தாலும் ஓனரே சாமானைத் தூக்கி வெளியே போட முடியாது. வாடகை நீதிமன்றம் உத்தரவு போட வேண்டும். பூட்டை உடைப்பது, ஆள் வைத்து மிரட்டுவது எல்லாம் சட்டவிரோதம்.

ஆனால் இங்கே ஒரு பலவீனம் உண்டு. ஆஸ்பத்திரி செலவில் வாடகை இரண்டு மாதம் நின்று போனால், ஓனருக்கு சட்டப்படியே காரணம் கிடைத்து விடும். எனவே எந்த செலவை நிறுத்தினாலும் வாடகையை நிறுத்தக்கூடாது. கையில் கொடுத்தால் ரசீது வாங்க வேண்டும். பேங்க் அல்லது ஜி-பே வழியாக அனுப்பினால் அதுவே சாட்சி.

தண்ணீர், கரண்ட் கட் பண்ணினால்

நேரடியாக காலி செய்ய வைக்க முடியாத சில ஓனர்கள் வேறு வழியில் இறங்குவார்கள். மோட்டாரை நிறுத்துவது, பீஸ் கேரியரை பிடுங்குவது, லிப்ட்டை பூட்டுவது. நடக்க முடிந்தவர் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து வருவார். சக்கர நாற்காலியில் இருப்பவர் என்ன செய்வார்?

வாடகை சட்டத்தின் 20-வது பிரிவு இதைத் தடுக்கிறது. தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு, லிப்ட், கழிவுநீர் வசதி, வண்டி நிறுத்தும் இடம் ஆகியவற்றை ஓனர் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். விசாரணை முடியும் வரை காத்திருக்காமல், உடனே இணைப்பை திரும்பக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு.

அரசு கட்டிடம், வக்பு சொத்து, அரசு அறிவித்த கோவில் - அறநிலைய கட்டிடங்கள் ஆகியவை இந்த வாடகை சட்டத்தில் வராது என்பது குறிப்பிடத்தக்கது. கோவில் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் அந்த நிர்வாகத்திடமே முதலில் மனு கொடுக்க வேண்டும்.

அப்பார்ட்மெண்டில் கதை வேறு

தனி ஓனர் விஷயத்தில் சட்டத்தின் பிடி தளர்ந்தாலும், அடுக்குமாடி குடியிருப்போர் சங்கம் விஷயத்தில் பிடி இறுக்கம். ஏனென்றால் சங்கம் என்பது மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் “தனியார் நிறுவனம்” என்ற வகையில் வந்து விடுகிறது.

பொதுவான வாசலில் சாய்தளம், லிப்ட் பக்கத்தில் வண்டி நிறுத்த இடம், நடைபாதையில் தடையாக கிடக்கும் பூந்தொட்டி, சைக்கிளை அகற்றுவது ஆகியவற்றை சங்கத்திடம் எழுத்தில் கேட்கலாம். அளவுக்கு மீறிய சுமை இல்லாத, தேவையான மாற்றத்தை செய்து தர மறுப்பதும் பாகுபாடுதான் என்று சட்டம் விளக்கம் சொல்கிறது. அந்தச் செலவை மாற்றுத்திறனாளி தலையில் கட்டக்கூடாது என்று 2017-ம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. பெண்கள் விடுதி, மேன்ஷன் நடத்தும் நிறுவனங்களுக்கும் இதே கணக்குதான்.

பார்வைக் குறைபாடு உள்ள ராஜீவ் ரதூரி என்பவர் 2005-ல் சுப்ரீம் கோர்ட்டில் ஒரு வழக்கு போட்டார். பொது இடங்களும், கட்டிடங்களும் மாற்றுத்திறனாளி நடமாட ஏற்றதாக இல்லை என்பது அவரது புகார். அந்த வழக்கில் 2024-ம் ஆண்டு நவம்பர் 8-ந்தேதி முக்கிய தீர்ப்பு வந்தது. இந்த வசதிகள் பற்றிய விதிகள் வெறும் ஆலோசனை போல இருந்தால் போதாது, கட்டாயம் பின்பற்ற வேண்டிய குறைந்தபட்ச விதிகளை மத்திய அரசு 3 மாதத்தில் உருவாக்க வேண்டும் என்று கோர்ட்டு உத்தரவிட்டது. இது நேரடியாக வாடகை வீடு பற்றிய தீர்ப்பு அல்ல. ஆனால் “சாய்தளம் என்பது சலுகை, தயவு” என்று பேசும் சங்கத்தினரிடம் எடுத்துக் காட்ட இது நல்ல ஆதாரம்.

கேவலமாகப் பேசினால்

தெருவில் நாலு பேர் முன்னால் குறைபாட்டைச் சொல்லி இழிவாகப் பேசுவதை பலர் பொறுத்துக் கொண்டு போய் விடுகிறார்கள். அவமானப்படுத்தும் நோக்கத்தோடு, பொதுமக்கள் பார்க்கும் இடத்தில் மாற்றுத்திறனாளியை திட்டினாலோ, மிரட்டினாலோ, 92-வது பிரிவின்படி 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை ஜெயில் தண்டனையும் அபராதமும் உண்டு. போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுக்கும்போது இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுத வேண்டும்.

அரசு வீட்டில் 5 சதவீதம்

வாடகை வீட்டில் அல்லாடுபவர்கள் மறக்கக்கூடாத இன்னொரு விஷயம், அரசு வீட்டுத் திட்டங்களில் உள்ள ஒதுக்கீடு. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளவர்களுக்கு, அரசின் வீடு ஒதுக்கீட்டு திட்டங்களில் 5 சதவீதம் தர வேண்டும் என்று 37-வது பிரிவு சொல்கிறது. அதிலும் பெண்களுக்கு முன்னுரிமை.

நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் - அதாவது 2021 வரை குடிசை மாற்று வாரியம் என்று அழைக்கப்பட்டது - கட்டும் அடுக்குமாடி வீட்டுக்கு மனு போடும்போது, “மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில், தரைத்தளத்தில்” என்று தெளிவாக எழுத வேண்டும். மனுவில் எழுதாமல் விட்டு, மூன்றாவது மாடியில் வீடு ஒதுக்கப்பட்ட பிறகு அலைவது வீண் சிரமம்.

ஆற்றங்கரையில் தரைத்தளம்

தரைத்தள வீடு கிடைத்தால் மாற்றுத்திறனாளிக்கு பாதி கஷ்டம் தீர்ந்தது. ஆனால் தாமிரபரணி கரையில் அந்தத் தரைத்தளமே ஆபத்தாகி விடுவதும் உண்டு.

2023-ம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டித் தீர்த்த மழையில் தாமிரபரணி கரை புரண்டது. கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்கு உள்ளேயே வெள்ளம் புகுந்தது. ஜங்ஷன் பகுதி தண்ணீரில் மிதந்தது. கலெக்டர் ஆபீசுக்கே அந்த நிலை என்றால், கரையோரத் தரைவீட்டில் சக்கர நாற்காலியோடு இருப்பவர் நிலையை சொல்லத் தேவையில்லை. மாடி வீட்டுக்காரர் மாடியிலேயே இருப்பார். நடக்க முடிந்தவர் மேட்டுக்கு ஓடுவார். மற்றவர்?

இதற்கும் சட்டத்தில் இடம் உண்டு. 8-வது பிரிவின்படி, மாவட்டத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரத்தை மாவட்ட பேரிடர் மேலாண்மை ஆணையம் பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும். ஆபத்து வரும்போது அவர்களுக்கு தகவல் சொல்ல வேண்டும். வாடகைக்கு இருப்பவர்கள் அடிக்கடி வீடு மாறுவதால், பதிவேட்டில் பழைய முகவரியே இருந்து விடும் அபாயம் உள்ளது. வீடு மாறியதும் கிராம நிர்வாக அலுவலரிடமும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் புது முகவரியை எழுதிக் கொடுத்து விட வேண்டும். வெள்ள நேரத்தில் கலெக்டர் ஆபீஸ் கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற எண்ணில் அழைக்கலாம்.

வாடகைக்கு பேசும்போதே, “2023 வெள்ளத்துல இந்த வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சா?” என்று ஓனரிடம் மட்டும் அல்ல, எதிர் வீட்டுக்காரரிடமும் கேட்டு விடுவது நல்லது.

எங்கே போய் முறையிடுவது?

* வாடகை ஒப்பந்தம், தண்ணீர்-கரண்ட் துண்டிப்பு: வாடகை அதிகாரி. உங்கள் பகுதிக்கு எந்த அதிகாரி என்பதை கலெக்டர் ஆபீசில் கேட்டால் சொல்வார்கள்.

* அடையாள அட்டை, பாகுபாடு புகார்: மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர். திங்கட்கிழமை தோறும் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம். மனுவுக்கு ரசீது வாங்காமல் திரும்பக்கூடாது.

* அதற்கும் மேலே: சென்னையில் உள்ள மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். ஆட்களை விசாரணைக்கு அழைக்கவும், ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் சிவில் கோர்ட்டுக்கு உள்ள அதிகாரம் இவருக்கு உண்டு. தபாலில் மனு அனுப்பினாலே போதும். பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டையை பத்திரப்படுத்த வேண்டும்.

* வக்கீல் வைக்க வசதி இல்லையா? மாற்றுத்திறனாளிக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்று 1987-ம் ஆண்டு சட்டம் சொல்கிறது. பாளையங்கோட்டை கோர்ட்டு வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். இலவச தொலைபேசி எண்: 15100.

கையில் இருக்க வேண்டியவை

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, யு.டி.ஐ.டி. கார்டு, பதிவு செய்த வாடகை ஒப்பந்தம், வாடகை கட்டிய ரசீதுகள், ஓனருக்கு அனுப்பிய கடிதம் அல்லது வாட்ஸ்அப் தகவலின் நகல், வாசல் படி - கக்கூஸ் கதவை எடுத்த போட்டோ. இந்த ஆறும் ஒரே பையில் இருந்தால் எந்த ஆபீசிலும் “நாளைக்கு வாங்க” என்று திருப்பி அனுப்ப முடியாது.

ஆய்க்குடியில் 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கியவர் ராமகிருஷ்ணன். கடற்படைக்கு ஆள் எடுக்கும் தேர்வில் 1975-ல் அடிபட்டு கழுத்துக்கு கீழே செயல் இழந்தவர். சக்கர நாற்காலியில் இருந்தபடியே ஆயிரக்கணக்கானோர் பயன்பெறும் ஒரு வளாகத்தை உருவாக்கி, 2020-ல் பத்மஸ்ரீ விருதுக்கு தேர்வானார். பழைய நெல்லை மாவட்டத்துக்கு இது தெரியாத கதை அல்ல. அந்த மண்ணில், ஒரு வாசல் படிக்காக வீடு கிடைக்காமல் ஒருவர் அலைவது நியாயம் இல்லை.

நம் ஊரில் வீட்டு விவகாரம் எல்லாம் வாய்ப்பேச்சில்தான் நடக்கிறது. “நம்ம அண்ணாச்சிதான, என்னத்த எழுதிக்கிட்டு” என்று விட்டு விடுகிறார்கள். உறவு நன்றாக இருக்கும் வரை அதில் குறை ஒன்றும் இல்லை. உறவு கசந்த அன்று, எழுதி வைத்தவருக்கு கையில் ஒரு பிடி இருக்கும். எழுதாதவர் மறுபடியும் தெருத்தெருவாக போர்டு தேட வேண்டியதுதான்.